ஏகே போட்டாச்சா

கோப்பு முழுவதும் திறக்க நாற்பது நிமிடம் ஆகும் என்று கணினி சொன்னபோது மணி பத்தேகால். பதினொரு மணிக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் அங்கயற்கண்ணி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் விமானத்தின் வால் பகுதி வரைபடங்கள் இன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய்விடும், திங்கட்கிழமை உலோகத்தை வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பத்தொன்பது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். இறங்கும் நேரத்தில், வேகம் குறைந்து மூக்கு தூக்கிக்கொண்டிருக்கும்போது, அதன் வால் ஆடுகிறதா, ஆடவில்லையா. அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது, ஆடவில்லை என்று. சொன்னவளும் அவள்தான். பிறகு எதற்காக வெள்ளிக்கிழமைக் காலையில் காபியை ஆறவிட்டுவிட்டுப் பழைய கோப்பைத் தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். போல்ட். ஒரு போல்ட்டுதான் காரணம். ஒன்பது மணிக்குக் காற்றுச் சுரங்கத்திலிருந்து இசக்கியப்பன் பேசினான். சின்ன மாடல் செய்து, ராட்சத விசிறி வைத்துக் காற்றடித்துச் சோதிக்கிற இடம் அது, வேறு ஊரில் இருக்கிறது. அவன் பேசியது வேறு எதற்கோ, ஏதோ ஒரு அறிக்கையில் தேதி தப்பாக இருக்கிறது என்று. வைக்கப் போகும்போது சொன்னான், "இன்னொண்ணு மேடம், அந்த வால் மாடல்ல போல்ட்டு லூசாயிட்டே இருக்கு. ரெண்டு தடவ ஆயிட்டு. எங்க பயலுவ சரியா முடுக்கல போல. நான் மாத்தச் சொல்லிட்டேன், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க." கவலைப்படாதீங்க என்று யாராவது சொன்ன பிறகுதான் அவளுக்குக் கவலையே ஆரம்பிக்கும், பிறவிக் குணம். ஒரு தடவை லூசானால் பையன்கள் சரியாக முடுக்கவில்லை. இரண்டு தடவை லூசானால்? திரையில் பச்சைக் கோடு நான்கு சதவீதம் என்று காட்டியது.

நான்கு சதவீதத்திலிருந்து ஐந்துக்குப் போவதற்குள் இவ்வளவு நேரமா. காற்றைக் கணினிக்குள்ளேயே ஓடவிட்டு, விமானத்தின் மேல் அது எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்குப் போடுவதுதான் அந்த அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருபது பேருக்குப் பிழைப்பு. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கோடிக்கணக்கான எண்கள். அந்த மலையைக் கிண்டி, கடைசியில் மேலாளர் கையில் ஒரே ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மேலாளர்களால் ஒரு எண்ணைத்தான் கையில் பிடித்துக்கொள்ள முடியும். ஒன்பது வருடத்துக்கு முன் அதற்கென்று அங்கயற்கண்ணி ஒரு மென்பொருள் எழுதினாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணக்கின் ஆரம்பப் பகுதியைத் தள்ளிவிட்டு, கடைசி இரண்டாயிரம் துண்டை எடுத்துக் கூட்டி வகுத்துச் சராசரியைச் சொல்லிவிடும். சொன்ன கையோடு, பேருக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மூல எண்களை அழித்தும் விடும், இடம் அடைக்கக் கூடாது பாருங்கள். அப்படி அழிப்பதற்கு அவள் எழுதிய நாலே வரிகளுக்கு அந்த வருடம் கைதட்டல்கூடக் கிடைத்தது. வாயில் நுழையாத அவள் பெயரை பெங்களூர் ஆபீஸ் ஏகே என்று சுருக்கிவைத்திருந்ததால் மென்பொருளுக்கும் ஏகே என்றே பெயர் வந்துவிட்டது. பெயர் பிறகு வினைச்சொல் ஆனது. ஏகே போட்டாச்சா, ஏகே போட்டுட்டு வா, ஏகே போடாம எதுக்கு என் டேபிளுக்கு வந்தே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு ஏகே என்பது நடமாடும் பெண்மணி என்றே தெரியாது, லிஃப்ட்டில் அவள் முன்னாலேயே ஏகேவைத் திட்டுவார்கள். அவளுக்கு உள்ளூர எவ்வளவு பெருமை! வெளியே காட்டிக்கொள்ளாமல் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மதுரையில் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், என் பேரச் சொல்லாம இங்க ஒரு வேலை நடக்காதும்மா என்று. அம்மா, அப்ப சம்பளம் ஒசத்துவாங்களா என்று கேட்டாள். திரையில் கோடு ஒன்பது சதவீதத்தில் இருந்தது.

இந்தக் கோப்பு மட்டும் எப்படி அழியாமல் தப்பித்தது என்று கேட்டால், அதற்குத்தான் வர மாட்டேன் என்று அவள் மனம் அடம்பிடித்துக்கொண்டிருந்தது, பல் டாக்டர் வாசலில் குழந்தை நிற்கிற மாதிரி. கோப்பு இருந்த இடத்தின் பெயர், அழிக்காதே_தனு. தனு என்றால் தனுஷ்கோடி. இதே மாடியில், அதோ இப்போது பிரின்டர் இருக்கிற மூலையில், ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவர். இராமநாதபுரம் பக்கம். பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தைக்கும் இரண்டாவது வார்த்தைக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள், சிவப்பு நீலம் பச்சை என்று. அவர் மட்டும் மூல எண்களைக் கோடாகப் போட்டு அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார், ஒவ்வொரு துண்டாக. இப்போது அவர் தரைத்தளத்தில் இருக்கிறார், விமானத்தைப் பராமரிக்கிறவர்களுக்குக் கையேடு எழுதுகிற பிரிவில். எந்த மூடியை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதுகிறார். வழியில் பார்த்தால் வணக்கம் மேடம் என்பார். முகத்தில் ஒரு கோபமும் இருக்காது, அதுதான் கஷ்டம். கோபமாக இருந்தால் பதிலுக்கு நாமும் கோபப்பட்டுத் தொலைக்கலாம். சேமிப்புக் கிடங்கிலிருந்து ஒரு பழைய கோப்பை யாராவது எடுத்தால், கோப்புக்கு உரியவருக்குத் தானாக ஒரு மின்னஞ்சல் போகும். உங்கள் கோப்பு இன்னாரால் இத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது. அவள் பொத்தானை அழுத்தி, மணல் கடிகாரம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. திரும்பப் பிடிக்க வழியில்லை. ஆக இந்நேரம் தரைத்தளத்தில் தனுஷ்கோடி அந்த அஞ்சலைப் படித்திருப்பார். படித்துவிட்டு? நாற்காலியில் சாய்ந்திருப்பார். பக்கத்து இருக்கைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார், இங்க பாருங்க, யாரு தேடுறாங்கன்னு. நியாயம்தானே? அவள் அந்த இடத்தில் இருந்தால் அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பாள். பதினேழு சதவீதம். காபியில் ஆடை படிந்திருந்தது, விரலால் எடுத்துப்போட்டுவிட்டு ஒரு வாய் குடித்தாள், பச்சைத்தண்ணியாக இருந்தது.

சராசரியில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. உலகம் சராசரியில்தான் ஓடுகிறது. விமானம் மேலே ஏறி நிதானமாகப் பறக்கும்போது இறக்கையின் மேல் விழும் காற்றுக்குச் சராசரி போதும், போதும் என்ன, அதுதான் சரி. இதை அவள் எழுதியே வைத்திருக்கிறாள்! ஏகேவோடு ஒரு உதவிக் குறிப்பு உண்டு, பதினான்கு பக்கம், அதன் முதல் பக்கத்தில் இரண்டாவது வரி: சீராகப் பறக்கும் நிலைக்கு மட்டும் பயன்படுத்தவும். மட்டும். தடித்த எழுத்து. ஆக யாரும் அவளை ஒன்றும் சொல்ல முடியாது. யாராவது கேட்டால், குறிப்பைப் படிச்சீங்களா என்று திருப்பிக் கேட்கலாம், வாயடைத்துப்போவார்கள். இருதயத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது, நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். நல்லவேளை எழுதிவைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த அந்தக் கூட்டத்தில் இறங்கும் நிலைக்கு, வாலுக்கு, ஏகே போட்டது யார்? குறிப்பைப் படிக்காத ஏதோ ஒரு முட்டாள். அந்த முட்டாள் பச்சை நிறப் பருத்திப் புடவை கட்டியிருந்தாள், அன்றைக்கு மகள் நிறைமதிக்குப் பிறந்தநாள், சாயங்காலம் நேராகக் கடைக்குப் போக வேண்டும் என்று புதுசு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எழுதியவளே படிக்கவில்லை. ஏழு வருடம் எல்லாவற்றுக்கும் எல்லாரும் போட்டுப் போட்டு, மட்டும் என்கிற சொல் அவளுக்கே மறந்துபோயிருந்தது. தன் கையால் எழுதிய எச்சரிக்கை தனக்கில்லை என்று எப்படித்தான் தோன்றியதோ. நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டாள்.

பத்து முப்பத்திரண்டு. முப்பத்தெட்டு சதவீதத்தில் வந்து நின்றது நின்றதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரகோத்தமன் சார் போய்க்கொண்டிருந்தார், குழுவின் தலைவர், நல்ல மனிதர், எல்லாருடைய பிள்ளைகளின் பரீட்சைத் தேதியும் அவருக்கு மனப்பாடம். எட்டிப் பார்த்து, "ஏகே, பதினொண்ணுக்கு வந்துடுவேளோல்லியோ? கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம்" என்றார். "வந்துடுறேன் சார்" என்றாள். சொல்லியிருக்கலாம், சார் ஒரு போல்ட்டு லூசாயிருக்கு என்று. சொன்னால் சிரிப்பார். அவர் சிரிப்பு கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் அறையையே இழுத்துக்கொண்டு போகிற சிரிப்பு. அன்றைக்கும் அப்படித்தான். தனுஷ்கோடி தன்னுடைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார், கேபிள் பொருந்தவில்லை, யாரிடமோ வேறு கேபிள் வாங்கி வந்து மாட்டினார், அதற்குள் பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிட்டார்கள். திரையில் ஒரு கோடு வந்தது, ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கி. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "மேடம்... இது... ஆடுது" என்றார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார், அறையில் அத்தனை பேர் இருக்க. அவளுக்குத்தான் புரியும் என்று நினைத்திருப்பார். அவள் என்ன செய்தாள்? அவர் பக்கத்தில் போய், அவருடைய மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, ஏகே போட்டாள். நாற்பது நொடி. ஒரு எண் வந்தது, எல்லைக்குள்ளே, சௌகரியமாக உள்ளே. "எங்க ஆடுது தனுஷ்கோடி? காட்டுங்க" என்றாள். அந்த 'காட்டுங்க'வில் ஒரு இனிப்பு இருந்தது, இப்போதும் நாக்கில் இருக்கிறது. ரகோத்தமன் சார் உடனே, "வால்னா ஆடத்தானே செய்யும் தனுஷ்கோடி!" என்றார். அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். புதுப்புடவையோடு, வாயைப் பொத்திக்கொண்டு. தனுஷ்கோடி கேபிளைப் பிடுங்கி, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, வாங்கினவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏகே சராசரியைச் சொல்லிவிட்டு மூல எண்களை அழிக்கலாமா என்று ஒரு பெட்டியில் கேட்கும். அந்தப் பெட்டிக்கு அவர் மட்டும் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார், அங்கேயே, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது.

நாற்பத்தொன்பது. ஒரே தாவலில். சரி, திறந்து பார்ப்போம், ஆடாது. ஆடாது என்றுதான் வரும். ரம்பப்பல் மாதிரி வருவதெல்லாம் ஆட்டம் என்று ஆகிவிடுமா, விமானத்தைச் சுற்றிக் கணினியில் போடும் கட்ட வலையைச் சரியாகப் பின்னாவிட்டால், கணக்கில் துண்டு பெரிதாகிவிட்டால், எதற்கும் ரம்பப்பல் வரும், கணினிக்கு வரும் ஜலதோஷம் அது, அதைத் துடைக்கத்தானே சராசரியே வந்தது. தாறுமாறாக ஏறி இறங்கினால் ஜலதோஷம். ஒரே சீராக, எண்ணி வைத்த மாதிரி ஏறி இறங்கினால்தான் ஆட்டம். அன்றைக்கு அது சீராக இருந்ததா? அவள் பார்க்கவேயில்லை. ஏறி இறங்குகிறது என்று பார்த்தாள், எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கவில்லை. இரண்டு வாரம் முன்னால் வீட்டில் ஒரு சண்டை, சௌந்தரபாண்டியன் மூன்று நாளாகப் பேசவில்லை, அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "மொத்தமா பாத்தா நாம நல்லாத்தானேங்க இருக்கோம்" என்றாள். அதற்கு அவர், "மொத்தமா யாருடி வாழுறா? நேத்து நீ கதவச் சாத்தினது மொத்தத்துலயா சாத்துன?" என்று கேட்டுவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது, சண்டை முடிந்தது. எதற்கு இப்போது அது. புருஷனையும் விமானத்தின் வாலையும் முடிச்சுப் போடாதே, அங்கயற்கண்ணி. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். ஆமாம், பயமாக இருந்தது. போன வருடம் ஒரு சின்ன விமானத்தில் போனாள், வேலை விஷயமாக, கடைசி வரிசை. இறங்கும்போது இலேசாக உதறியது. பக்கத்தில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, முதல் தடவை பறக்கிறார் போல, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இது சாதாரணந்தானே?" என்று கேட்டார். நீங்கள் எந்த ஊர், என்ன வேலை என்றெல்லாம் முன்னாடியே விசாரித்துவைத்திருந்தார், விமானம் செய்கிற இடத்தில் வேலை என்று அவளும் பீற்றிக்கொண்டிருந்தாள். "சாதாரணந்தாங்கய்யா" என்றாள். அவர் கையைத் தளர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார், அவ்வளவு நம்பிக்கை. அந்த விமானம் இவர்களுடையது இல்லை, அது வேறு விமானம், அது பத்திரமாக இறங்கியும்விட்டது. ஆனாலும் வாலுக்கு ஆக அருகில் இருப்பது கடைசி வரிசைதான். இந்த விமானத்தில் கடைசி வரிசையில் மூன்று இருக்கை. எந்த மூன்று பேரோ இன்னும் டிக்கெட் வாங்காமல், எங்கேயோ, இந்நேரம் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டோ பஸ்ஸுக்கு நின்றுகொண்டோ இருப்பார்கள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டால்? போட்டுவிட்டு, நிதானமாக, திங்கட்கிழமை இந்தக் கோப்பைப் பார்த்தால்? பார்த்துவிட்டு மெல்ல ஒரு குறிப்பு அனுப்பலாம், மேலும் ஆய்வு தேவைப்படலாம் என்று, ஆபீஸ் மொழியில், யார் மனமும் நோகாமல். இவ்வளவு நேரம் நல்லவளாக இருந்த அங்கயற்கண்ணிக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இப்போதே எழுந்து போய்விட்டால் இந்தப் பச்சைக் கோடு தன்பாட்டுக்கு ஓடி முடியட்டும். பார்க்காத வரைக்கும் தெரியாது, தெரியாத வரைக்கும் பொய்யில்லை. இன்றைக்கு நிறுத்தினால் வால் மட்டும் நிற்காது. ஒன்பது வருடமாக ஏகே போட்ட அத்தனை அறிக்கைகளையும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், மூல எண்கள் அழிந்துபோய்விட்டன, எல்லாக் கணக்கையும் மறுபடி ஓட்ட வேண்டும், மாதக்கணக்கில். லிஃப்ட்டில் ஏகேவைத் திட்டும் பிள்ளைகள் இனி அவள் யார் என்று தெரிந்தே திட்டுவார்கள். நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒரு பெயர் எடுக்க முடியுமா? ரகோத்தமன் சார் ஒன்றும் சொல்ல மாட்டார், அன்பாகத்தான் இருப்பார், அடுத்த மாதம் வேறு யாரையாவது அறைக்குக் கூப்பிட்டு, அவங்க இல்லேன்னா சமாளிச்சுக்கலாமா என்று கேட்பார். அந்தச் சொல்லில் போய்ச் சிக்கிக்கொண்டாள். முள்ளில் முந்தானை மாட்டின மாதிரி, இழுக்க இழுக்க இன்னும் மாட்டியது. சமாளிச்சுக்கலாம். அது அவள் சொன்ன சொல். அந்தக் கூட்டம் முடிந்து மூன்று வாரத்தில் ரகோத்தமன் சார் கூப்பிட்டார், கையேடு பிரிவுக்கு ஒரு ஆள் வேண்டுமாம், தனுஷ்கோடியை அனுப்பலாமா, உங்களுக்கு அவர் வேணுமோ என்று கேட்டார். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள், யோசித்ததாக முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு, "பரவால்ல சார், சமாளிச்சுக்கலாம்" என்றாள். சிரித்ததைவிட அதுதான். சிரிப்பாவது அறையோடு சேர்ந்து வந்தது. இதை அவள் தனியாக, கதவு சாத்தியிருந்த அறையில், யாரும் வற்புறுத்தாமல் சொன்னாள். இரண்டு வருடத்தில் யாரிடமும் இதை அவள் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. ஒரு மனிதர் ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறவர், அவரை மூடி திறக்கும் கணக்கு எழுத அனுப்பியாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

தொண்ணூற்றொன்பதில் கோடு நின்றது. நிற்கத்தான் செய்யும். பத்து ஐம்பது. ஓடிப் போகலாம், இன்னும் நேரம் இருக்கிறது, கூட்டத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள் என்று யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. எழுந்தும் விட்டாள். நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது திறந்தது. வாலின் மேல் விழும் அழுத்தத்தை நேரத்துக்கு எதிராகக் கோடாகப் போடச் சொன்னாள், கடைசி இரண்டாயிரம் துண்டு, அதாவது இரண்டே நொடி. கோடு வந்தது. ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. ஒரே உயரம், ஒரே இடைவெளி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இருந்தாலும் மேட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள், சின்ன வயதில் வாய்ப்பாடு எண்ணின மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு. இருபத்திரண்டு. திரும்ப எண்ணினாள். இருபத்திரண்டேதான். நொடிக்குப் பதினொன்று. எந்தப் பொருளையும் தட்டிவிட்டால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். இந்த வாலுக்கு அந்த வேகம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்று கட்டமைப்புப் பிரிவு போன வருடமே எழுதித் தந்திருந்தது. அதே வேகத்தில் காற்றும் தட்டிக்கொண்டிருந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, ஆட்டம் கூடிக்கொண்டுதான் போகும். மேட்டையும் பள்ளத்தையும் கூட்டி வகுத்தால் சாதுவாக ஒரு எண் வரும். வந்தது, அதைத்தான் அவள் அறைக்குக் காட்டினாள். இசக்கியப்பனின் பையன்கள் போல்ட்டை ஒழுங்காகத்தான் முடுக்கியிருக்கிறார்கள், பாவம்.

அவள் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கும்போது தனுஷ்கோடி என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே ஒத்திகை ஓடியது. முதல் மாடி திரும்பும்போது அவர், நான் அப்பவே சொன்னேன் என்றார். இரண்டு படி தாண்டி, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா மேடம் என்றார். தரைத்தளம் வருவதற்குள் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது: ஆமாம் தனுஷ்கோடி, என் தப்புதான். திட்டட்டும். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும். திட்டு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சொல்லிவிடலாம், கையில் ஒரு தண்டனை இருந்தால் பேசுவது சுலபம். கையேடு பிரிவு நீளமான அறை, ஜன்னல் ஓரமாக அவர் உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. திரையில் அந்த மின்னஞ்சல் திறந்தே இருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "உங்க கோப்ப எடுத்தேன்."

"மெயில் வந்துச்சு மேடம். நானே மேல வந்து சொல்லலாமான்னு பாத்தேன். அத அழிக்காம வச்சிருக்கக் கூடாதுதான். ரூல்ஸ் தெரியும். ஏதோ... மனசு வரல. இடம் வேணும்னா இப்பவே அழிச்சிர்றேன்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. இடம் அடைத்துக்கொண்டு கோப்பை வைத்திருந்ததற்காகத் தன்னைக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அரை மணி நேரத்துக்கு மேலாக அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ஆடுது தனுஷ்கோடி" என்றாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்ன மேடம்?"

"வால் ஆடுது. நொடிக்குப் பதினொண்ணு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வர்றேன். நீங்க அன்னைக்குச் சொன்னது சரி. நான்தான் தப்பு."

அவர் முகத்தில் அவள் தேடிய எதுவும் வரவில்லை. பிறகு மெதுவாக, "இல்ல மேடம், சரியா பாருங்க" என்றார். "அந்தக் கூட்டம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தப்ப, நானே ஏகே போட்டுப் பாத்தேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஆடலன்னுதான் வந்துச்சு. சரி, நம்ம கண்ணுலதான் கோளாறுன்னு ஆயிருச்சு. அதுக்கப்பறம் எனக்குக் கோடு பாக்கவே பயம் மேடம். கையேட்டுக்குக் கேட்டாங்கன்னதும் சரின்னுட்டேன்."

படியெல்லாம் இறங்கி வந்ததில் இது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை. திட்டுவார் என்று நினைத்தாள், இளக்காரமாகப் பார்ப்பார் என்று நினைத்தாள். தன் கண்ணையே அவர் நம்புவதை விட்டுவிட்டார் என்று நினைக்கவில்லை. அவளுடைய மென்பொருளை மூன்று தடவை போட்டுப் பார்த்து, அவள் பெயரைச் சொல்லி, விட்டுவிட்டார். கண்ணில் நீர் முட்டியது, அவள் மறைக்கவில்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது. மணி பதினொன்றுக்கு இரண்டு நிமிடம். கைபேசி அதிர்ந்தது, ரகோத்தமன் சார்தான், எடுக்காமல் அமர்த்தினாள்.

"மேல வாங்க" என்றாள். "கோடு திரையிலயே இருக்கு. நீங்க வந்து காட்டுங்க."

"நான் இப்ப இந்த செக்ஷன் மேடம். நீங்க சொன்னாப் போதும், நம்பிருவாங்க."

"அதான் பயமா இருக்கு. அன்னைக்கும் நான் சொன்னேன்னுதானே நம்புனாங்க. அவங்க கண்ணால பாக்கட்டும். ஒண்ணொண்ணா எண்ணட்டும்."

தனுஷ்கோடி மின்னஞ்சலை மூடினார். மேசையில் எழுதிக்கொண்டிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கி ஓரமாக வைத்தார், பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார், பிறகு எதையோ திரும்பக் கணக்குப் போடுகிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கையெழுத்து... போட்டுட்டீங்களா மேடம்?"

"போடல. போட மாட்டேன்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.